மூன்றாம் ஓலைக்கு முன்

பள்ளத்தூரை விட்டுக் காரைக்குடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பஸ் நிறுத்தம் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே நின்றால் இன்னும் கொஞ்ச நேரம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நடப்பதே மேல் என்று கிளம்பிவிட்டேன். கோட்டையூர் வருவதற்குள் செருப்பு வார் அறுந்துவிடும் என்று தெரியும். அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். தார் சுட்டது. சில வாரங்களுக்கு முன்பு என்றால் உள்ளங்காலில் இருந்த சிவந்த தடிப்புகளின் மேல் சுட்டிருக்கும். ஊசி போட்ட பிறகு அவை மறைந்துவிட்டன.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கத்தோலிக்கக் குடும்பம், அப்பாவும் வாத்தியார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் படிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்கடுத்த வாரம் கல்யாணம். அவர் உடம்பில் ஒரு நோய் இருந்தது. என் உடம்பிலும் இருந்தது. நான் வைத்தியம் பார்த்துக்கொண்டேன், அவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது போய்விடக்கூடாது. நான் பள்ளத்தூர் போனது அதைச் சொல்லத்தான்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஆகிவிட்டது. வேகமாக வந்து வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இங்க எதுக்கு வந்தே?"

"ஊசி போட்டுக்குங்க சார். அம்புட்டுத்தான் சொல்ல வந்தேன்."

"உனக்கு என்னதான்டா வேணும்? அதைச் சொல்லித் தொலை."

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார்."

"ஒண்ணும் வேணாம்கிறவன்தான் கோயில் வரைக்கும் வந்தியா?"

அதற்குள் வாசல் காவல்காரர், "யாரு சார் அது?" என்று கேட்டார். அவர் திரும்பி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: "பிளைவுட் வேலை பாக்குறவன்ப்பா. கம்ப்யூட்டர் ரூமுக்குத் தடுப்புப் போடணும்ல, அதுக்கு அளவு பாக்க வந்திருக்கான்." பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் வாப்பா. கொட்டேஷன் கொண்டாந்து குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பல மாதமாக என்னிடம் ராத்திரிச் சாப்பாட்டில் உப்புக் குறைந்ததைக்கூடச் சொன்ன மனிதர்.

பிளைவுட் என்று அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் மரவேலைதான். நான் எட்டாம் வகுப்போடு நின்று, உளியும் பிடிக்காமல், வீட்டிலும் தங்காமல் திரிந்தவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, திருச்சியில் லாட்ஜ், நடுவில் கொஞ்ச நாள் லாரி. தொண்ணூறுகளின் கடைசியில் ஊர்ப் பக்கம் வந்தபோது செக்காலை ரோட்டில் ஒருவர் பிரவுசிங் சென்டர் திறந்துகொண்டிருந்தார். தடுப்புகள் அடிக்க ஆள் தேடினார். வீட்டில் பார்த்துப் பார்த்தே வந்த கைப்பழக்கம் எனக்கு இருந்தது. அடித்துக் கொடுத்தேன். தோள் உயரத்துக்கு அடித்ததை இடுப்பு உயரத்துக்கு அறுக்கச் சொன்னார். "உள்ள உக்காந்து என்ன பாக்குறானுகன்னு நமக்குத் தெரியணும்ல" என்றார். வந்தவர்கள் எல்லாம், "தடுப்பு ஏன்ணே இம்புட்டுக் கட்டையா இருக்கு?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

வேலை முடிந்தும் என்னை அங்கேயே வைத்துக்கொண்டார். கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு இணைப்பு வாங்குவது என் வேலை. மோடம் கத்தும், கீச்சிடும், பிடிக்காமல் விட்டுவிடும். மறுபடி போட வேண்டும். பின்பக்கம் ஒரு அறை, அதில் படுத்துக்கொள்வேன். ஆங்கில எழுத்துகளை லாரிகளின் நெற்றியில் படித்துப் பழகியிருந்தேன். அது போதுமானதாக இருந்தது. சாட் அறைகளில் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தார்கள். ஆணைத் தேடுகிற ஆண்களுக்கென்றே அறைகள் இருந்தன. கடையில் கூட்டம் இல்லாத நேரம் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

அவரை அங்கேதான் கண்டேன். எந்த ஊர் என்று கேட்டதற்கு மதுரைப் பக்கம் என்றார். நானும் மதுரைப் பக்கம் என்றேன். உண்மை ஊரை அங்கே யாரும் சொல்வதில்லை. ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. வந்ததும் உள்ளே போனேன், அவரும் அதே நேரம் உள்ளே வந்தார். "கரண்ட் போயிருச்சு" என்று இரண்டு பேரும் ஒன்றாக அடித்தோம். மறுநாளும் அப்படியே ஆனது. "டேய், நீ எந்த சப்ஸ்டேஷன்டா?" என்று கேட்டார். மின்சார வாரியத்தின் புண்ணியத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்துபோனது. அவர் பள்ளிக்கூடத்துக்குச் சிங்கப்பூரில் இருக்கிற பழைய மாணவர்கள் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வயதில் சின்னவர் என்பதால் அந்த அறைச் சாவி அவரிடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு விடைத்தாள் திருத்துவதாகச் சொல்லி உட்கார்ந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் கடை அடைத்திருக்கும். பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வண்டியில் வருவார். பின்னறைக்குப் பின்வாசல் இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை சார் என்றே கூப்பிட்டேன். முதலில் கேலிக்கு, பிறகு பழக்கமாகி.

நாங்கள் பாதுகாப்பு ஒன்றும் செய்துகொள்ளவில்லை. இதைச் சொன்னால் இன்றைக்குப் படித்த பிள்ளைகள் என்னை முறைப்பார்கள். அன்றைக்குக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருந்தது என்ன? விலைமாதரிடம் போகாதே. ஒருவனுக்கு ஒருத்தி. லாரிக்காரர்களுக்குக் கூட்டம் போட்டுச் சொன்னதும் அதுதான். எந்தச் சுவரிலும் ஆணும் ஆணும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஊரில் அந்த நோய்க்குப் பெயரே பொம்பளைச் சீக்கு. ஆணுறை பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கானது. அவரே பள்ளிக்கூடப் பிள்ளைகளை எய்ட்ஸ் அட்டையோடு ஊர்வலம் கூட்டிக்கொண்டு போனவர். வெயிலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் அன்றைக்கு என்னிடம் வந்தார். "நமக்கு அந்தப் பயமே இல்லைடா. நாமதான் பொம்பளை பக்கமே போறதில்லையே" என்றார். நான் தலையாட்டினேன். கணக்கு வாத்தியாருக்கே அப்படித்தான் தெரிந்தது என்றால் எட்டாம் வகுப்புக்காரன் எங்கே போவேன்?

அவருக்குத்தான் முதலில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை என்றார். பேன்ட் உராய்ந்ததாக இருக்கும் என்றார். தானே ஆறிவிட்டது. பிறகு எனக்கு வந்தது. எனக்கும் வலிக்கவில்லை, எனக்கும் ஆறியது. இருவரும் அதோடு மறந்தோம். அப்புறம் ஒருநாள் என் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. பெயர்ந்துபோன தடுப்பு ஒன்றை அந்த வாரம்தான் ஒட்டியிருந்தேன், பிளைவுட் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காயெண்ணெய் தடவினேன். போகவில்லை. காய்ச்சல் வேறு விட்டு விட்டு வந்தது. உள்ளூரில் காட்டப் பயம். புதுக்கோட்டையில் தோலும் பால்வினையும் பார்க்கிற டாக்டர் ஒருவர் போர்டு போட்டிருந்தார். அங்கே போனேன்.

டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். நான் பசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை.

"எந்தப் பொம்பளைகிட்டப்பா போனே?"

"போகலைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க. எந்த ஊரு பொம்பளை?"

"திருப்பூருங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவருடைய கேள்வியில் அதற்கு மட்டும்தான் இடம் இருந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு சிபிலிஸ் என்றார். புண் ஆறினால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ரத்தத்துக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம் என்றார். கூட இருந்தவருக்கும் ஊசி போட வேண்டும். போடாமல் விட்டால் அவர் யாரோடு சேர்கிறாரோ அவருக்குப் போகும், அவர் பிள்ளை உண்டானால் வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்கும் போகும் என்றார். "அந்தப் பொம்பளையைக் கூட்டிட்டு வா" என்றார். இடுப்பில் ஊசி போட்டார். பஸ்ஸில் உட்கார முடியாமல் காரைக்குடி வரை நின்றுகொண்டே வந்தேன்.

அவருக்கு இதைச் சொல்வதற்கு முன் சரியாகத் தெரிந்துகொள்ளலாம் என்று நெட்டில் தேடினேன். என் மடத்தனம். உலகத்தில் உள்ளதெல்லாம் இதில் இருக்கிறது என்று கடை வாசலில் எழுதி வைத்திருந்தோம். தமிழில் தேடினால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த சொற்களைப் போட்டால் அம்மணப் படங்களாக வந்து விழுந்தன. கடைசியாக ஒரு மருத்துவப் பக்கம் திறந்தது. மேலிருந்து கீழாக, கோடு கோடாக, ஒரு புண்ணின் படம் இறங்க ஆரம்பித்தது. பாதி இறங்கியிருக்கும். சிங்கப்பூர் மகனின் மெயிலைப் படிக்க வைத்துக் கேட்பதற்காக ஒரு ஆச்சி உள்ளே வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார்கள். "என்னப்பா அது, அத்திப்பழமா?" என்றார்கள். மானிட்டரை அமத்தினேன்.

"ஏன்டா அமத்துனே?" என்றார் முதலாளி.

"சூடாயிருச்சுண்ணே."

"ஆச்சி வந்திருக்காகல்ல, போடுறா."

ஆச்சியின் மகன் பேரனுக்குப் பல் முளைத்ததை எழுதியிருந்தான். இரண்டு முறை படித்துக் காட்டினேன். அதற்குள் இணைப்பு அறுந்தது. அந்தப் பக்கம் மறுபடி கிடைக்கவே இல்லை. சாட் அறையில் கேட்டுப் பார்த்தேன். ஆணுக்கு ஆண் இந்த நோய் வருமா என்று அடித்தால், வயசு என்ன, ஊர் எது, இடம் இருக்கா என்று பதில் வந்தது. அத்தனை பேர் அங்கே இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கல்யாணம் நிச்சயமான செய்தியை அவர் சாட்டில்தான் சொன்னார். நான் நோய் விஷயத்தைச் சொன்னதும் அங்கேதான். ஒரே நாளில் இரண்டும் நடந்தது.

"எனக்குத்தான் ஆறிருச்சேடா" என்று அடித்தார்.

"ஆறினா போயிருச்சுன்னு அர்த்தமில்லையாம் சார்."

"உனக்கு வேற எங்கயாவது வந்திருக்கும்."

அதை அடித்துவிட்டு வெளியேறினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர்க் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து வெளியே வரும்போது ஓரமாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். ஆண்கள் பக்கம் கடைசியில் நின்றேன். பூசையின் முடிவில் சாமியார் அறிவிப்புகளைப் படித்தார். பிறகு ஓலை. அவர் பெயர், அவர் அப்பா பெயர், பெண்ணின் பெயர், ஊர். இரண்டாம் ஓலை என்றார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். முன்வரிசையில் இருந்த அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வெளியே வந்தபோது வீட்டு ஆட்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். கிட்டேயே போக முடியவில்லை.

அன்று மாலையே என்னை இக்னோர் போட்டுவிட்டார். அப்படி ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் நாம் அடிக்கிறது அவருக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். நான் அது தெரியாமல் பக்கம் பக்கமாக அடித்தேன். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும், பிள்ளைக்கு வரும் என்பது உட்பட அடித்தேன். ஒரு எழுத்தும் போய்ச் சேரவில்லை என்று முதலாளிதான் விளக்கினார். "யாருடா அது, பொண்ணா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். "உனக்கெல்லாம் ஒருத்தி சிக்குனதே பெருசு. விடு, வேற ஒருத்தி வருவா" என்றார். அதன் பிறகுதான் பள்ளத்தூர் போனேன்.

செக்காலை வந்து சேர்ந்தபோது விளக்குப் போடுகிற நேரம். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"எங்கடா போயிருந்தே? மூணு தடவை லைன் அந்து போச்சு, போடுறதுக்கு ஆளில்லை" என்றார் முதலாளி.

"ஒரு அரை மணி எனக்கு வேணும்ணே. சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"அரை மணிதான். அப்புறம் ஆச்சி வீட்டுல வருவாக."

புதிதாக ஒரு ஐடி உண்டாக்கினேன். பிளைவுட் என்று பெயர் வைத்தேன். அவர் அந்த அறையில் இருந்தார். வேறு பெயர்களுக்கு நடுவே, ஒன்றும் பேசாமல், சும்மா இருந்தார்.

"கொட்டேஷன் கொண்டாந்திருக்கேன் சார்" என்று அடித்தேன்.

இதையும் இக்னோர் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு வந்தது.

"வெளிய வந்து பாத்தேன். நிறுத்தத்துல உன்னையக் காணோம். எதுல போனே?"

"நடந்தே வந்தேன்."

"பஸ்ல போகக்கூடாதாடா?"

இவர்தான் எனக்குத் தெரிந்தவர். வேப்பமரத்தடியில் நின்றவர் வேறு யாரோ. ஒரே ஆள் எதிரே நின்றால் பேச முடியாமல், கம்பி வழியாக மட்டும் மனிதனாக இருப்பது எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எரிச்சல்பட நேரமில்லை.

"கோயிலுக்கு உங்களைக் காட்டிக்குடுக்க வரலை சார்."

"பொய் சொல்லாதே. தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் படிக்கிறாரு. கோயிலே உக்காந்திருக்கு, நீ ஒருத்தன் மட்டும் நெட்டுக்குத்தா நிக்கிறே. எங்க அம்மா கேக்குறாக, யாரு அந்தப் பையன், எதாச்சும் சொல்ல வந்திருக்கானான்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்னால் எல்லோரும் உட்கார்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. எங்கள் கோயிலில் சாமி முன்னால் யாரும் உட்கார்வதில்லை. தீபாராதனை முடிகிற வரை நிற்போம். நான் மரியாதைக்கு நின்றேன். அவருக்கு அது சாட்சிக்கூண்டில் நிற்பது மாதிரித் தெரிந்திருக்கிறது. இதற்காக இத்தனை நாள் போய்விட்டது.

"எப்ப நிக்கணும், எப்ப உக்காரணும்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் என்ன ஞானஸ்நானம் வாங்குனவனா?"

"அதுக்குத்தான் நின்னியா?"

"சத்தியமா."

"லூசுப்பயலே" என்று அடித்தார். அடுத்து ஒன்றும் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது. மதுரைக்கு மறுபடி போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன். மோடம் கத்திவிட்டு நின்றுவிட்டது. முதலாளி, "மெல்ல அமுக்குடா, போன் உங்க அப்பன் வீட்டுதா?" என்றார். நான்காவதோ ஐந்தாவதோ தடவையில் பிடித்தது. அவர் அங்கேயே இருந்தார்.

"நீ போயிட்டேன்னு நெனச்சேன்."

"லைன் போச்சு சார். கேளுங்க. எனக்கும் உங்களை மாதிரியே ஆறிருச்சு. அதுக்கப்புறம்தான் கையெல்லாம் வந்துச்சு."

"எனக்குக் கையில ஒண்ணுமில்லையே."

"உங்களுக்கு வராமக்கூட இருக்கலாம். ரத்தத்துல இருக்கும். அந்தப் பொண்ணு என்ன பாவம் செஞ்சுச்சு? நாளைக்கு அதுக்கு ஒரு பிள்ளை வந்தா அதுக்கும் போகும்."

திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆச்சி வீட்டுக்காரர்கள் இல்லை, வேறு யாரோ.

"டாக்டர் என்ன கேப்பாரு?" என்று வந்தது.

"எந்தப் பொம்பளைன்னு கேப்பாரு."

"நீ என்ன சொன்னே?"

"திருப்பூர்ல ஒருத்தின்னேன்."

"நானும் அதையே சொல்லிரட்டா?"

"ரெண்டு பேரும் திருப்பூர்னா அவளைத் தேடிக் கிளம்பிருவாரு சார். நீங்க வேற ஊரு சொல்லுங்க."

"ஈரோடு?"

"ஈரோடு நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பொண்ணு சமாதானமாயிருச்சா?" என்றார். ஆயிருச்சுண்ணே என்றேன்.

வலிக்குமா என்று கேட்டார். இடுப்பில் போடுவார்கள், இரண்டு நாள் நொண்ட வேண்டியிருக்கும், வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாக வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். சாப்பிட்டுப் போகலாமா என்று கேட்டார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும், முதலில் கையில் லேசாகக் குத்திப் பார்ப்பார்கள், அரித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே சொல்லிவிட வேண்டும் என்றேன். ஊசி போட்டாலும் கொஞ்ச நாள் யாரோடும் சேரக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் அடித்தேன்.

"கல்யாணத்தை வச்சுக்கிட்டு எப்படிடா? என்ன சாக்குச் சொல்றது?"

"வாத்தியாருக்குச் சாக்குக்கா பஞ்சம்? பரீட்சைப் பேப்பர்னு சொல்லுங்க."

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ரத்தமும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் பார்த்ததையும், இல்லை என்று வந்ததையும், சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர், "அதையும் பாக்குறேன்" என்றார். அதன் பிறகு, "சனிக்கிழமை புதுக்கோட்டை போறேன். ஆனா ஒண்ணு" என்றார்.

"சொல்லுங்க சார்."

"நீ இங்க இருக்கக்கூடாது."

எனக்குப் புரியவில்லை. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அடித்தேன். அதற்கில்லை என்றார்.

"நீ செக்காலையில இருந்தா நான் வருவேன். கல்யாணம் ஆனாலும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருவேன். அது எனக்கே தெரியுது. நீ போயிட்டா சனிக்கிழமை நான் போறேன். சத்தியம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நோய் வந்தது இருவருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது நான், கால் சுட நடந்தது நான். இத்தனை காலத்தில் எனக்குப் பிடித்திருந்த ஒரே வேலை இந்தக் கடை வேலைதான். ஊரைவிட்டுப் போவதும் நானேதான். அவர் வேலையோடு, வீட்டோடு, பெண்ணோடு இருப்பார். இதை எல்லாம் அடிக்க ஆரம்பித்து, பாதியில் அழித்தேன். அடித்து வென்றால் அவர் இக்னோரை அமுக்கிவிடுவார். வாதம் எனக்கு, நோய் அந்தப் பெண்ணுக்கு.

"சரி சார்" என்று அடித்தேன்.

"எங்க போவே?"

"தெரியலை."

"சாப்பிட்டியா?"

முதலாளி வந்து நின்று, நேரமாயிருச்சு என்றார்.

அவர் சனிக்கிழமை போனாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி வைக்காமல்தான் என்னை அனுப்பினார். ஆனால் போக நினைக்காதவன் சாப்பிட்டுப் போகலாமா என்று கேட்க மாட்டான், எந்த ஊர்ப் பொம்பளை என்று யோசித்து வைத்துக்கொள்ள மாட்டான். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

மறுநாள் காலை செக்காலை ரோட்டு டீக்கடை முன்னால் திருச்செங்கோட்டு போர்வெல் லாரி ஒன்று நின்றது. அதில் வேலை பார்த்த ஒருவன் முந்தின நாள் சொல்லாமல் ஓடிவிட்டானாம். மேஸ்திரி டீயைக் குடித்துக்கொண்டே அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"குழாய் தூக்குவியா?" என்றார்.

"தூக்குவேங்க."

"ஊட்டுல சொல்லிட்டு வா. இங்க ரெண்டு போர் போட்டுட்டு நேரா ஆந்திரா. திரும்பி வர மாசக்கணக்காகும்."

"சொல்றதுக்கு யாரும் இல்லைங்க" என்று சொல்லி ஏறினேன். முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். போகிற அன்றைக்காவது தடுப்பை உயர்த்திக் கொடுத்துவிட்டுப் போகவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். முதல் துளை கீழச்சிவல்பட்டிக்கு அங்குட்டு ஒரு தோட்டத்தில். என்ஜின் போட்டதும் வெள்ளை மண் புகையாகக் கிளம்பி ஆளை ஆள் தெரியாமல் அடித்தது. ஒரு குழாய் இறங்கி முடிந்ததும் அடுத்ததைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. மேஸ்திரி கையை உயர்த்தினால் தூக்க வேண்டும், விரலை மடக்கினால் நிறுத்த வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் பழகிக்கொண்டேன்.